ஏரியில தூண்டில் போட்டுப் பழகினவங்க ஆத்துல எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி: பல வருஷமா ஏரியில தூண்டில் போட்டு நல்லாவே மீன் பிடிச்சிருக்கீங்க, இப்ப ஆத்துப் பக்கம் வந்ததுக்கு அப்புறம் அதே ராடு அதே ரீல் அதே புழுவோட போனா அடிக்கு இழுக்கக் கட்டுற ஈயக் குண்டு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, தூண்டில் முள்ளு கல்லுல மாட்டி அறுந்து போகுது, மீன் கடிக்கிறதா தண்ணி இழுக்குதான்னே தெரியல, அதனால ஆத்துக்குன்னு தனியா என்ன சாமான் வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. நீங்க சொன்ன மூணு தொல்லைக்கும் காரணம் ஒண்ணுதான், தண்ணியோட வேகம். மீன் எந்த வேகத்துல நிக்கும், அந்த இடத்துக்கு இரையை எப்படி அனுப்புறது, இந்த ரெண்டும்தான் உங்க கேள்விக்குள்ள இருக்குற நிஜமான கேள்வின்னு எனக்குப் படுது. நான் ரெண்டு தண்ணியிலயும் பல வருஷமா போடுறவன், ஏரியிலேர்ந்து ஆத்துக்கு வந்தவங்க பல பேர் கூட கரையில நின்னு சொல்லியும் குடுத்திருக்கேன், எல்லாரும் தடுமாறுறது கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான். சாமான் பத்தியும் நடுவுல சொல்றேன்.

ஏரியில நீங்க மனசுக்குள்ள போட்டுக்கிற கணக்கு ஆழத்தை வெச்சு ஓடுது. வெயில் காலத்துல ஆழமான ஏரியில மேல சூடான தண்ணி கீழ குளிர்ந்த தண்ணின்னு ரெண்டா பிரிஞ்சு நிக்கும், அடித் தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சுடும், அதனால மீன் ஒரு குறிப்பிட்ட ஆழத்துல இருக்கும், பாசி ஓரம், மேடு பள்ளம்னு சுத்தி வரும், நீங்க இரையை வெச்சுக்கிட்டு அது வர வரைக்கும் காத்திருப்பீங்க, இல்லன்னா இடம் மாறி மாறி தேடுவீங்க. ஓடுற ஆத்துல தண்ணி கலந்துக்கிட்டே இருக்கு, மேலயும் கீழயும் சூடு, ஆக்சிஜன் ரெண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், அதனால அந்த ஆழக் கணக்கு இங்க அவ்வளவா உதவாது. இங்க மீனுக்கு சாப்பாடு மிதந்து தேடி வருது, ஆனா அதுக்காக ஓட்டத்துக்குள்ள நின்னா உடம்பு சக்தி வீணாகும். தண்ணி வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை கிட்டத்தட்ட நாலு மடங்காகும், அதை எதிர்த்து நிக்க ஆகுற சக்தி எட்டு மடங்கு வரைக்கும் போகும். அதனாலதான் மீன் மெதுவான தண்ணியில உடம்பை வெச்சுக்கிட்டு, பக்கத்துல வேகமா ஓடுற தண்ணியில வர்றதை சட்டுனு போய் எடுத்துட்டு திரும்ப வந்துடுற மாதிரி இடமா பாத்து நிக்குது. ஆத்துல மீன் தேடுறதுன்னா மெதுவும் வேகமும் ஒட்டி ஓடுற இடத்தைத் தேடுறதுதான். இந்த விஷயத்துல எனக்கு சந்தேகமே கிடையாது, ஓட்டத்துல இரை தேடுற எந்த மீனா இருந்தாலும் எந்த ஆறா இருந்தாலும் இது பொருந்தும், எவ்வளவு மெதுவு எவ்வளவு வேகம்கிறது மட்டும் மீனுக்கு மீன் மாறும்.

மேல பாக்குற வேகம் நம்மளை ஏமாத்தும், இதை முதல்லயே மனசுல ஏத்திக்கோங்க. தரையிலயும் கரையிலயும் தண்ணி உரசுறதால அங்க வேகம் குறைவு, நடுவுல மேல்மட்டத்துக்கிட்ட அதிகம். மொத்த ஆழத்தோட சராசரி வேகம் மேல்மட்ட வேகத்துல ஏறக்குறைய 85 சதவீதம்னு நீரோட்டம் அளக்குறவங்க வழக்கமா கணக்கு வைப்பாங்க, ஆனா தரையை ஒட்டின கடைசி ஒரு சாண்ல, அதுவும் கல்லும் முண்டுமா இருக்குற தரையில, வேகம் அதை விட ரொம்பக் கம்மி. மேல நுரை பறக்குதே இங்க எப்படி மீன் நிக்கும்னு நீங்க விட்டுட்டுப் போற இடத்துல அடியில மீன் நிம்மதியா படுத்திருக்கும். முழங்கால் உயரக் கல்லு ஒண்ணை எடுத்துக்குவோம். கல்லுக்குப் பின்னாடி தண்ணி சுழிச்சு மெதுவாகுறது எல்லார் கண்ணுக்கும் தெரியும், எல்லாரும் அங்கதான் போடுவாங்க. கல்லுக்கு முன்னாடியும் தண்ணி மோதித் திரும்புற இடத்துல ஒரு மெத்தை மாதிரி மெதுவான பகுதி இருக்கு, அங்க நிக்குற மீனுக்கு வர்ற இரை முதல்ல கிடைக்கும். கல்லோட ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கிளம்புற ஓட்டம் கீழ ஒண்ணு சேர்ற இடம் மூணாவது. தூண் மாதிரி ஒரு தடைக்குப் பின்னாடி மாத்தி மாத்தி உருவாகுற சுழல்ல ட்ரவுட் மீன் உடம்பை வளைச்சுக் குடுத்து ரொம்ப கம்மியான தசை உழைப்புலயே நிக்குதுன்னு 2003ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு, அது தொட்டியில வெச்சு அளந்தது, ஆனா ஆத்துல கல்லுக்குப் பின்னாடி மீன் நிக்குறதைப் பாத்தவங்களுக்கு அது நல்லாவே புரியும்.

பெரிய அளவுல பாக்கணும்னா, கூழாங்கல் ஆத்துல மேடும் மடுவும் மாறி மாறி வரும், அதாவது சலசலன்னு ஆழமில்லாம ஓடுற இடம், அடுத்து ஆழமான மடு, திரும்ப சலசலப்பு. இந்த சுத்து பொதுவா ஆத்தோட அகலத்தை மாதிரி 5 லேர்ந்து 7 மடங்கு தூரத்துக்கு ஒரு தடவை வரும். 20 அடி அகல ஆறுன்னா 100 லேர்ந்து 140 அடிக்கு ஒரு மடுவை எதிர்பாக்கலாம், கணக்குல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஏரிப் பழக்கத்துல வர்றவங்க நேரா மடுவோட நடு ஆழத்துல போட்டுட்டு உக்காந்துடுவாங்க. இரை தேடித் தின்னுற மீன் அதிகமா நிக்குறது மடுவோட தலைப்பக்கம், சலசலப்பு ஓடி வந்து ஆழத்துக்குள்ள விழுற உதட்டுல, அப்புறம் காலையும் சாயங்காலமும் மடுவோட வால்பக்கம், தண்ணி திரும்ப மேடேறுற இடத்துல. நடு ஆழம் பகல்ல ஒதுங்குறதுக்கும், அசையாம கிடக்குற பெரிய மீனுக்கும். வளைவுல வெளிப்பக்கம் ஆழமா அறுத்திருக்கும், உள்பக்கம் மணல் திட்டு சேந்திருக்கும், ரெண்டுக்கும் நடுவுல வேகம் மாறுற கோட்டை நீங்க கண்ணாலயே பாக்கலாம், நுரையும் சருகும் அந்தக் கோட்டுலதான் வரிசையா போகும். நுரை போற பாதையிலதான் இரையும் போகும், அதனால நுரைக் கோடு மாதிரி நம்பகமான அடையாளம் வேற எதுவும் கிடையாதுன்னு சொல்வேன்.

முதல் ரெண்டு மூணு தடவை ராடை எடுத்துட்டுப் போகாதீங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, சரி, எடுத்துட்டுப் போங்க, ஆனா முதல் ஒரு மணி நேரம் தொடாதீங்க. தண்ணி மேல அடிக்கிற பளபளப்பைக் குறைக்கிற போலரைஸ்டு கண்ணாடி இருந்தா போட்டுக்கிட்டு ஒரே இடத்துல உக்காந்து பாருங்க. கரையோரமா பத்து அடியை அளந்து வெச்சுக்கிட்டு மேல ஒரு சருகைப் போட்டு அது எத்தனை செகண்ட்ல கடக்குதுன்னு எண்ணுங்க, அஞ்சு செகண்ட்னா செகண்டுக்கு ரெண்டு அடி. அப்புறம் ஓட்டத்துல வேற வேற கோட்டுல சின்னக் குச்சியை வீசிப் பாருங்க, ஒண்ணு நேரா ஓடும், ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்கும், ஒண்ணு கரையோரமா மேல் நோக்கி, அதாவது ஆறு வர்ற பக்கமா, திரும்பி வரும். அந்தத் திரும்பி வர்ற சுழல்ல மீன் மூஞ்சி ஆறு போற பக்கமாவே, அதாவது கீழ் நோக்கி இருக்கும், ஏன்னா மீனுக்கு ஆறு எந்தப் பக்கம் போகுதுங்கிறது முக்கியம் கிடையாது, தன் மூக்குல மோதுற தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுங்கிறதுதான் முக்கியம். கோடையில தண்ணி வத்தும்போது ஒரு தடவை போய் தரையைப் பாத்து போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, எந்தக் கல்லு எங்க, எங்க பள்ளம், எங்க மரம் விழுந்து கிடக்குன்னு அப்பத்தான் தெரியும், அந்த போட்டோ அடுத்த சீசன் முழுக்க உதவும்.

இப்ப இரை போடுறது. ஓட்டத்துல வர்ற உணவு அந்த ஓட்டத்தோட வேகத்துலயே வரும், அதை விட வேகமா இழுபட்டாலோ குறுக்க போனாலோ மீன் சந்தேகப்படும், சின்ன மீன் கூட விலகிடும். உங்க தக்கையைப் பாருங்க, தக்கைக்குப் பக்கத்துலயே ஒரு நுரைக்குமிழ் போகுதுன்னு வெச்சுக்குவோம். தக்கை குமிழை முந்திக்கிட்டுப் போச்சுன்னா நடு ஆத்து வேகமான தண்ணியில கிடக்குற உங்க தூண்டில் நரம்பு வில்லு மாதிரி வளைஞ்சு தக்கையை இழுக்குதுன்னு அர்த்தம். குமிழோட சேந்து போனா பரவாயில்ல. குமிழை விட ஒரு துளி மெதுவா போச்சுன்னா அதுதான் சரி, ஏன்னா இரை இருக்குற அடித் தண்ணி மேல்தண்ணியை விட மெதுவு. இதுக்கு ராடைத் தூக்கிப் பிடிச்சு நரம்பை தண்ணியில படாம முடிஞ்ச வரைக்கும் மேல வெச்சுக்கணும், வளைவு விழுந்தா ராடு நுனியால அரைவட்டம் போட்டு நரம்பைத் தூக்கி மேல்பக்கமா வெக்கணும். ஆரம்பத்துல தூரமா வீசாதீங்க, பதினஞ்சு இருபது அடிக்குள்ளயே போடுங்க, கிட்ட இருக்குற கோட்டுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு கோடா வெளிய போங்க. ஏரியில தூரமா போட்டா நல்லதுங்கிற பழக்கம் ஆத்துல உங்களுக்கு எதிராத்தான் வேலை செய்யும், தூரம் கூடக்கூட நடுவுல இருக்குற அத்தனை வேகமும் உங்க நரம்பைப் பிடிச்சு இழுக்கும்.

அடியில போடுறவங்களுக்கு ஈயம் எவ்வளவுங்கிற கேள்விக்கு கிராம்ல பதில் சொன்னா தப்பாப் போயிடும், உங்க ஆத்தை நான் பாக்கல, ஒரே ஆத்துல ஒரே நாள்ல பத்தடி தள்ளினா எடை மாறும். அளவு இப்படிப் பாருங்க: விரல்ல நரம்பைத் தொட்டுக்கிட்டு இருக்கும்போது ஈயம் தரையில டொக்... டொக்...னு தட்டித் தட்டி நகரணும். தட்டவே இல்லன்னா கம்மி, ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னா அதிகம். அசையாம நிக்க வெக்கணும்னு தேவைப்பட்டா எடையைக் கூட்டுறதுக்கு முன்னாடி ஈயத்தோட வடிவத்தை மாத்துங்க, உருண்டை உருளும், தட்டையானது தரையில ஒட்டும். அதை விட முக்கியம் நரம்போட தடிமன், தண்ணி பிடிச்சு இழுக்குற பரப்பு அதுதான், அதனால மெல்லிசா இருக்குற பிரெய்டு, அதாவது இழை இழையாப் பின்னின நரம்பு, போட்டா பாதி ஈயத்துலயே நிக்கும். ஆனா பிரெய்டு கல்லுல உரசினா சீக்கிரம் அறுந்துடும், கடைசி நாலஞ்சு அடிக்கு கொஞ்சம் தடிமனான தங்கூஸ் நரம்பை லீடரா, அதாவது முனைத் துண்டா, கட்டிக்கோங்க. ஈயத்தை மட்டும் மெயின் நரம்பை விட பலம் கம்மியான ஒரு துண்டு நரம்புல கட்டித் தொங்கவிட்டா, கல்லுல மாட்டினாலும் ஈயத்தோட போயிடும், முள்ளும் மீனும் உங்க கையில இருக்கும். சாமான்ல நான் மாத்தச் சொல்றது இவ்வளவுதான், ராடும் ரீலும் இப்ப இருக்குறதே போதும், ராடு கொஞ்சம் நீளமா இருந்தா நரம்பைத் தூக்கிப் பிடிக்க வசதி.

கடி தெரியலன்னு சொன்னீங்க. ஏரியில கடின்னா இழுப்பு. ஆத்துல மீன் இரையை எடுத்து ஈயத்தை நகத்திட்டா, இழுபட்டு வளைஞ்சிருந்த ராடு நுனி திடீர்னு நிமிரும், நரம்பு தொய்யும், நிறைய பேர் ஈயம் உருண்டுடுச்சுன்னு நினைச்சு விட்டுடுவாங்க. தொய்வு வந்தா உடனே சுத்தி எடுத்து அடிங்க, அதாவது முள்ளு பதியுற மாதிரி ராடை வெடுக்குன்னு இழுங்க. தக்கை முங்கணும்னு அவசியம் இல்ல, ஒரு செகண்ட் நின்னாலே, பக்கவாட்டுல அரை அடி நகர்ந்தாலே கடிதான், இல்லன்னா கல்லு, ரெண்டையும் அடிச்சுப் பாத்துத்தான் கத்துக்கணும். மேல்பக்கமா வீசி கீழ வரவிட்டுப் போடும்போது அடிக்கிறதை வானத்தைப் பாக்க அடிக்காம, ஆத்தோட போக்குல பக்கவாட்டுல அடிச்சா முள்ளு வாயோட ஓரத்துல பதியும், ஏன்னா மீன் எதிர்ப்பக்கம் பாத்து நிக்குது. மீன் மாட்டினதும் நின்ன இடத்துலயே நின்னு ஓட்டத்துக்கு எதிரா இழுக்காதீங்க, மீனோட எடையோட தண்ணியோட விசையும் சேந்து நரம்பு அறுந்துடும். கரையோரமா கீழ நடந்து மீனுக்கு நேராவோ அதுக்கும் கீழயோ வந்து நின்னுக்கிட்டு பக்கவாட்டுல இழுங்க, அப்ப அது உங்களோடயும் ஓட்டத்தோடயும் சேத்து சண்டை போடணும்.

மீன் தண்ணி வர்ற பக்கம் பாத்து நிக்குது, அதுக்கு நேர் பின்னாடி பார்வை கிடையாது, கீழ்ப்பக்கத்துலேர்ந்து மெதுவா மேல ஏறி வர்றதுதான் நல்லது. தண்ணிக்குள்ளேர்ந்து பாத்தா வெளி உலகம் முழுக்க தலைக்கு மேல சுமார் 97 டிகிரி கூம்புக்குள்ள அடங்கித் தெரியும், தண்ணி மட்டத்தை ஒட்டித் தாழ்வா இருக்குற உருவம் அந்தக் கூம்போட விளிம்புல நசுங்கிப் போயிடும். அதனால தெளிஞ்ச தண்ணியில குனிஞ்சு வாங்க, கரை மேல, பின்னாடி வானம் இருக்க உங்க உருவம் எடுப்பாத் தெரியுற மாதிரி நிக்காதீங்க. பேசுறதை விட கரையில தொம் தொம்னு நடக்குறதுதான் மீனுக்கு அதிகமாத் தெரியும்.

தண்ணி ஏறுறது இறங்குறது, கலங்குறது இதெல்லாம் ஏரியை விட இங்க பல மடங்கு முக்கியம். வெள்ளம் ஏறும்போது நடு ஆத்துல நிக்க முடியாம மீன் கரையோரத்துக்கு ஒதுங்கும், உங்க காலடியில முழங்கால் தண்ணியில கூட நிக்கும். தண்ணி இறங்கி, கலங்கல் போய் பச்சை கலந்த நிறத்துக்கு வர்ற நாள்தான் என் அனுபவத்துல ரொம்ப நல்ல நாள், ஆனா இது அனுபவம், எல்லா ஆத்துக்கும் எல்லா மீனுக்கும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. கடும் வெயில்ல சலசலப்பு ஓடுற இடத்துக்கு மீன் போறதுக்குக் காரணம் இருக்கு, 20 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வெச்சுக்கும், 30 டிகிரியில 7.5 தான், கல்லுல மோதி உடையுற தண்ணியில காத்து கூடக் கலக்கும். இது மஹ்சீர், ட்ரவுட் மாதிரி மீனுக்கு நல்லாப் பொருந்தும். விரால் மேல வந்து காத்தையே குடிக்கிற மீன், அதுக்கு ஓட்டமே வேண்டாம், ஆத்தை விட்டு ஒதுங்கின தேங்கு தண்ணியில, பாசி ஓரத்துலதான் கிடக்கும். உங்க ஏரி அனுபவம் அப்படியே செல்லுபடியாகுற இடம் அந்த ஒதுக்குத் தண்ணிதான், கை கூசாம இருக்க முதல்ல அங்க ரெண்டு மீன் பிடிச்சுட்டு அப்புறம் ஓட்டத்துக்கு வாங்கன்னு நான் சொல்றது வழக்கம். கெளுத்தி பகல்ல மடுவுக்குள்ள, மரத்தடியில கிடந்துட்டு ராத்திரி மடுவோட தலைப்பக்கம் மேய வரும்.

அமாவாசை பௌர்ணமி, காத்தழுத்தம், லூரோட (செயற்கை இரையோட) கலர் இதெல்லாம் கேப்பீங்க. கடல்லயும் முகத்துவாரத்துலயும் ஏத்தவத்தம் இருக்கு, அங்க நிலாவைக் காரணமாச் சொல்லலாம், உள்நாட்டு ஆத்துல பேசுற அளவுக்கு எனக்கு அழுத்தமான ஆதாரம் எதுவும் கண்ணுல படல. கலர் கலங்கின தண்ணியில கொஞ்சம் வித்தியாசம் பண்ணுதுன்னு நம்புறேன், நம்பிக்கைதான் அது. லூர் எந்த ஆழத்துல எந்த வேகத்துல போகுதுங்கிறது கலரை விட பெரிசுங்கிறதை மட்டும் உறுதியாச் சொல்வேன்.

இதை எல்லாத்தையும் விட எனக்குக் கவலை நீங்க தண்ணிக்குள்ள இறங்கறது பத்தி. ஏரியில இடுப்பளவு தண்ணி ஒண்ணும் பண்ணாது, ஆத்துல முழங்கால் தண்ணி ஆளைத் தள்ளும். நீரோட்டம் அளக்க ஆத்துல இறங்குறவங்க மத்தியில ஒரு கணக்கு இருக்கு, ஆழம் எத்தனை அடி, வேகம் செகண்டுக்கு எத்தனை அடி, ரெண்டையும் பெருக்கி 10 வந்தா இறங்கக் கூடாது. அது பயிற்சி எடுத்தவங்களுக்கு, நீங்க 5 வந்தாலே கரையிலயே நில்லுங்க, ரெண்டடி ஆழம் ரெண்டரை அடி வேகம்னாலே அது வந்துடுது. இறங்குறதா இருந்தா லைஃப் ஜாக்கெட், ஒரு தடிக் கம்பு, மூஞ்சியை தண்ணி வர்ற பக்கமா வெச்சுக்கிட்டு பக்கவாட்டுல காலைத் தூக்காம இழைச்சு நகரணும், ஒரு கால் உறுதியா பதிஞ்ச அப்புறம்தான் அடுத்தது. மணல் அள்ளின ஆத்துல தட்டையாத் தெரியுற தரை அடுத்த அடியில ஆள் ஆழக் குழியா இருக்கும், கம்பால குத்திப் பாக்காம ஒரு அடி வெக்காதீங்க. தண்ணி அடிச்சுட்டுப் போனா எழுந்து நிக்கப் பாக்காதீங்க, கல்லிடுக்குல கால் மாட்டிக்கிட்டா ஓட்டம் உடம்பைக் கவுத்து அமுக்கிடும், மல்லாந்து காலை முன்னாடி நீட்டிக்கிட்டு மெதுவான தண்ணி வந்ததும் கரைக்கு நீந்துங்க, விழுந்து கிடக்குற மரக்கிளைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, தண்ணி அதுக்குள்ள பூந்து போகும், ஆள் சிக்கிப்பாங்க. மேல அணை இருக்குற ஆறுன்னா தண்ணி திறக்குற நேரத்தை விசாரிக்காம நடு ஆத்துப் பாறையில ஏறாதீங்க. வானம் தெளிவா இருந்தாலும் மேல எங்கயோ பெஞ்ச மழை வந்து சேரும், அதனால கரையோரத்துல தண்ணி மட்டத்துக்கு நேரா ஒரு கல்லை அடையாளம் வெச்சுக்கோங்க, அந்தக் கல்லு நனைஞ்சாலோ, தெளிவா வந்த தண்ணியில திடீர்னு சருகும் குச்சியும் கலங்கலும் வந்தாலோ, ராடைச் சுத்தக் கூட நிக்காம மேட்டுக்கு ஏறிடுங்க.